அண்டத்துக்கு ஒரு கை உப்பு

சர்க்கார் ஓர் இடத்தில் கூடாரம் போட்டால் முதலில் கொடிமரம் முளைக்கும், அப்புறம் தடை முளைக்கும். அதுதான் உலக வழக்கம். சவேரியார் கரையில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதமே தடை வந்துவிட்டது. கூடாரம் சித்திரையில்தான் பாம்பன் பாலம் தாண்டி ரயிலில் வந்தது. கொடிமரம் கடைசிவரை வரவில்லை. அதற்குக் கயிறு எந்த இலாகா கொடுப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சவேரியார் கரை என்பது தங்கச்சிமடத்துக்கு மேற்கே, வடகடலைப் பார்த்துக் கிடக்கும் நாற்பது வீடும் ஒரு வேதக்கோயிலும்தான். கோயில் கோபுரத்தில் ஓர் இரும்புச் சட்டி உண்டு. சட்டி நிறையப் புன்னை எண்ணெய், கட்டைவிரல் மொத்தத்தில் திரி. பொழுது விழுந்ததும் அதைக் கொளுத்துவது கோயில்பிள்ளை கில்பர்ட்டின் வேலை. மணியடிப்பதும், கோயிலைக் கூட்டுவதும், பங்குச் சாமியார் வரும் நாளில் அவருக்கு முள்ளில்லாத மீன் தேடி அலைவதும் அவன் வேலைதான். ஆனால் ஊர் அவனுக்கு மரியாதை கொடுத்தது விளக்குக்காக.

காரணம் இருக்கிறது. கரைக்கு எதிரே தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பாறை வரிசை ஒன்று கிடக்கிறது. பார் என்பார்கள். அந்தப் பாரில் ஒரே ஒரு வாசல். கோபுர விளக்கை மூக்குக்கு நேரே வைத்து வள்ளத்தை விட்டால் வாசலுக்குள் நுழையலாம். கொஞ்சம் தப்பினாலும் வள்ளம் விறகாகிவிடும்.

அந்த விளக்குக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்பிள்ளை கடலில் இருக்கும்போது காற்று மாறினால், அந்த வீட்டுப் பெண் ஒரு கை உப்பு கொண்டுவந்து, அவன் பேரைச் சொல்லி விளக்கில் போடுவாள். உப்பு விழுந்ததும் திரி படபடவென்று பொரிந்து, சுடர் மஞ்சளாய்த் தூக்கும். மாதா காதில் பேர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சாமியார் கேட்டுப் பார்த்தார். உப்புக்குப் புத்தகம் எதற்கு என்று பெண்கள் கேட்டார்கள். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இந்த விளக்கைத்தான் அணைக்கச் சொன்னது 'தூரத்து வாயு ஆய்வு முகாம்'.

முகாமின் அதிகாரி பெயர் தெய்வசிகாமணி. நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் வரும் கெடுதலுக்கு மருந்தே கிடையாது. மாசியில் கூடாரத்துக்கு முன்னால் தனியாக வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரையில் எந்த வெளிச்சமும் கூடாது என்று உத்தரவு வாசித்துவிட்டு, "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்றும் சொன்னார். இதுவரை எந்த உத்தரவும் மன்னிப்புக் கேட்டதில்லையாதலால் ஊரும் வாயடைத்துப் போய் விளக்கை அணைத்தது.

அணைத்த பிறகுதான் வலி தெரிந்தது. அந்தக் கடலில் மீன் வலையில் ஏறுவதே பொழுது விழுந்த பிறகுதான். விளக்கில்லாததால் ஒன்று இருட்டுமுன் வெறும் வலையோடு திரும்ப வேண்டும், இல்லை விடியும்வரை பாருக்கு வெளியே அலையில் ஆடிக்கொண்டு கிடக்க வேண்டும். ஆனியில் சந்தியாகு என்பவன் இரண்டுக்கும் இஷ்டமில்லாமல் இருட்டில் வாசலைத் தேடினான். வள்ளம் இரண்டாய்ப் பிளந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தவன் இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். கில்பர்ட்டின் தம்பி யாக்கோபுக்கோ புதுக் கல்யாணம், புது வள்ளம், புதுத் துணிச்சல். அடுத்தவன் இவன்தான் என்று கில்பர்ட் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தான்.

"நீங்க போயி அந்த ஆபீசரைப் பாருங்க. இங்கன ஒக்காந்து பெருமூச்சு விட்டா விளக்கு எரியுமா?" என்று அவன் மனைவி லீமாரோஸ் துரத்திவிட்டாள்.

கில்பர்ட் வேலை முடித்துச் சாயங்காலம் போனான். முகாம் பூட்டிக் கிடந்தது. வாசலில் பியூன் தங்கசாமி, தேவிபட்டினத்துக்காரன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ் பத்துலேருந்து அஞ்சுண்ணே. நாளைக்கு வாங்க."

"நட்சத்திரம் பாக்குற ஆபீசுன்னு சொன்னாக?"

"ஆமா."

"ராத்திரியில பூட்டிருவீகளா?"

"ராத்திரி வேலைக்குத் தனிப் படி கொடுக்கணும்ணே. அது இன்னும் சாங்ஷன் ஆகலை."

கில்பர்ட் இதை வீடுவரை மென்றுகொண்டே போனான். விழுங்க முடியவில்லை. மறுநாள் பத்து மணிக்கு அதிகாரியிடமே கேட்டான். தெய்வசிகாமணி சந்தோஷமாகிவிட்டார். முகாம் வந்த நாளிலிருந்து யாரும் அவரை ஆராய்ச்சி பற்றிக் கேட்டதே இல்லை.

"உட்காருப்பா. வேண்டாம், நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நில்லு. வானத்துல நம்ம நட்சத்திரக் கூட்டம் மாதிரி கோடிக்கணக்கான கூட்டம் இருக்கு. மண்டலம்னு சொல்றது. அதுல சிலதுக்கு நடுவுல பிரமாண்டமா ஏதோ ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அது என்னன்னு யாருக்கும் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. பக்கத்துல வர்றதை எல்லாம் இழுத்து முழுங்கிடும். எதுவும் திரும்பி வராது."

"நாங்க சர்க்காருக்குப் போடுற மனு மாதிரிங்களா?"

"குறுக்கே பேசாதே. அது முழுங்கறப்போ சூடு கிளம்புது பாரு, அந்தச் சூட்டுல சுத்தியிருக்கற வாயுவெல்லாம் தங்கிட்ட இருக்கற எலக்ட்ரானைப் பறிகொடுத்துடும். பறிகொடுத்துட்டு ஜொலிக்கும்."

கில்பர்ட் கொஞ்சம் யோசித்தான். "பறிகொடுத்தவன் எதுக்குங்கய்யா ஜொலிக்கணும்?"

"பறிபோனது திரும்ப வந்து ஒட்டும். அப்போ ஜொலிக்கும்."

"எங்க ஊர்ல பறிபோனா வராதுங்க."

"அது பூமி. இது வானம்" என்றார் தெய்வசிகாமணி. அவர் குரல் இறங்கியது. "எங்க இலாகாவும் அப்படித்தான்னு வச்சுக்கோயேன். நடுவுல டைரக்டர் இருக்கார். அவரை நான் பார்த்ததே இல்லை. நான் அனுப்பினதுல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனா சுத்தியிருக்கறவங்க எல்லாம் பளபளன்னு இருக்காங்க. அதை வச்சுத்தான் நடுவுல ஒருத்தர் இருக்கார்னு நான் நம்பறேன்."

அவர் எழுந்து கருவியைக் காட்டினார். நீளக் குழாய், முனையில் கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை நிறம் நிறமாய்ப் பிரித்துப் படமெடுக்கும் பெட்டி. உப்புக் காற்றுக்குப் பல் சக்கரம் துருப்பிடித்து, வந்த மாதமே இறுகிவிட்டது. குழாய் அசையாமல் கோயில் கோபுரத்தின் தலைக்கு மேலே பார்த்தபடி நின்றது.

"திருப்ப முடியாதுங்களா?"

"எதுக்குத் திருப்பணும்? வானம்தான் சுத்துதே. பார்க்க வேண்டியது தானா எதிர்ல வரும். பொறுமை வேணும்."

"அப்ப ராத்திரி பாக்கலேன்னா..."

"பகல்ல பார்க்கிறோம்பா. தினமும் பார்க்கிறோம். ஒண்ணும் தெரியலைன்னு தினமும் எழுதறோம். தெரியலைங்கறதும் ஆராய்ச்சிதான்."

"ராத்திரிதான் நீங்க பாக்கலையே. அப்ப ராத்திரிக்கு மட்டும் எங்க விளக்க..."

தெய்வசிகாமணி நெஞ்சில் கை வைத்தார். "ராத்திரி இருட்டா இருக்கணும்ங்கறது விதி. ராத்திரி பார்க்கணும்ங்கறது இன்னும் விதி ஆகலை. ஆனா நான் சும்மா விடமாட்டேன். ஒரு மனு எழுதிக் கொடு, மேலே அனுப்பறேன்."

மனு மேலே போனது. நடுவில் உட்கார்ந்திருப்பது அதையும் விழுங்கிவிட்டது. பதிலுக்கு ஒரு விசாரணை வந்தது: தடைக்குப் பிறகும் முகாமுக்கு எதுவும் தெரியவில்லை என்றால், வேறு வெளிச்சங்கள் மிச்சமிருக்க வேண்டும். அவை என்ன, அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?

நல்ல மனிதர் பயந்துபோனார். வீட்டு அடுப்பெல்லாம் ஆறு மணிக்கு அணைய வேண்டும் என்றார். "அப்ப மீனப் பச்சையாத் திங்கவா?" என்று லீமாரோஸ் கேட்டாள். ஐந்து மணிக்கே சாப்பிடலாமே என்றார். மின்மினிப் பூச்சி பிடிக்கத் தங்கசாமி நியமிக்கப்பட்டான். அவனும் பத்திலிருந்து ஐந்துவரை தாழம்புதரில் தேடிவிட்டு, ஒன்றும் அகப்படவில்லை என்று சொன்னான். முகாமின் முதல் வெற்றி என்று அது மேலே போனது. பௌர்ணமி விஷயமாக ஓர் இலாகாவுக்கு எழுதினார்கள். நிலா தங்கள் எல்லையில் உதிப்பதில்லை, கடலில் உதிக்கிறது, கடலைக் கேட்கவும் என்று பதில் வந்தது.

கடலையும் விடவில்லை. சில ராத்திரிகளில் அலை உடையும்போது பச்சையாய் மினுங்கும். அதற்காகக் கடலுக்கு நோட்டீஸ் தயாரானது. வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் விதிப்படி கரையில் ஒரு கம்பு நட்டு அதில் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் கம்பும் இல்லை, காகிதமும் இல்லை. நோட்டீஸை எதிராளி பெற்றுக்கொண்டார் என்று தெய்வசிகாமணி எழுதினார்.

கார்த்திகையில் டைரக்டரே வருவதாகச் செய்தி வந்தது. டாக்டர் நீலமேகம். அவர் வருகிற ஒரு நாளைக்கு மட்டும் ராத்திரிப் படி சாங்ஷன் ஆனது. அமாவாசை. கரையில் வெளிச்சம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது, இருந்தால் ஆறு மாதம் ஜெயில் என்று தங்கசாமி தகரம் தட்டிச் சொல்லிக்கொண்டு போனான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் கடல் தேங்காயெண்ணெய் போலத் தெளிந்து கிடந்தது. விளக்கில்லாத ஒன்பது மாதத்தில் வீட்டில் குண்டுமணி நெல் இல்லை. வள்ளமெல்லாம் போய்விட்டன. யாக்கோபும் போனான். பொழுது சாயும் நேரத்தில் வாடைக்காற்று வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தது. மேகம் இறங்கி, கடலும் வானமும் ஒரே கறுப்பாகிவிட்டன. ஒரு வள்ளம்கூடத் திரும்பவில்லை.

கில்பர்ட் கோபுரத்தடியில் நின்றான். மேற்கே கூடாரம். அதற்குள் முதல் தடவையாக ராத்திரியில் ஆள் நடமாட்டம். அவன் வீரன் இல்லை. போலீஸ்காரரைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத் திண்டாடுகிற ஆள்தான்.

யாக்கோபின் பெண்டாட்டி மிக்கேலம்மாள் மடியில் உப்போடு வந்து நின்றாள். அழவில்லை. "மச்சான், விளக்கக் கொளுத்துங்க. உப்ப எங்கன போடுறது நான்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் லீமாரோஸ் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். எல்லார் மடியிலும் உப்பு. "ஆறு மாசம்தானே. நான் சோறு கொண்டாந்து போடுறேன், போங்க மேல" என்றாள் லீமாரோஸ்.

அவன் ஏறினான். எண்ணெயை முட்ட ஊற்றிக் கொளுத்தினான். பெண்கள் ஒவ்வொருத்தியாய் ஏணியேறி வந்து, பேரைச் சொல்லிப் போட்டார்கள். வழக்கமாக ஒரு கை உப்பு விழுகிற சட்டியில் அன்றைக்கு ஊர் உப்பெல்லாம் விழுந்தது. சுடர் பொரிந்து எழுந்தது. கோபுரம், மேகத்தின் அடிவயிறு, கீழே நின்ற முகங்கள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. கொஞ்ச நேரத்தில் பாருக்கு அந்தப் பக்கம் ஒரு கூவல் கேட்டது. பிறகு இன்னொன்று. வாசல் வழியே வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளே வந்தன. கடைசியாக யாக்கோபு வந்தான். மணலில் குதித்தவனை மிக்கேலம்மாள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

கில்பர்ட் அன்றிரவே துணிமணியை மூட்டை கட்டிவிட்டான். காலையில் போலீஸ் வரட்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. பத்து மணி ஆயிற்று, தானே போய்விடலாம் என்று மூட்டையோடு கிளம்பினான். மறைத்து வைத்துக்கொண்டு நாளெல்லாம் செத்துப் பிழைப்பதைவிட அது மேல் என்று பட்டது.

முகாமில் தோரணம் கட்டியிருந்தார்கள். டாக்டர் நீலமேகம் நாற்காலியில் இருந்தார், தெய்வசிகாமணி நின்றார். பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்கள் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார்:

"நேற்று இரவு ஏழரை மணிக்கு வானம் முழுக்க மேகம். சாதாரண விஞ்ஞானி போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். நான் பார்த்தேன். மேகத்தைத் துளைத்துக்கொண்டு ஒளி வந்தது. பிரித்துப் படமெடுத்தால் பிரமாதமான மஞ்சள் கோடு. சோடியம். உலகத்திலுள்ள விஞ்ஞானிகள் எல்லாம் தூர மண்டலங்களில் ஹைட்ரஜனைக் கண்டார்கள், ஆக்சிஜனைக் கண்டார்கள். இவ்வளவு சோடியத்தை எவனும் கண்டதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். தூர மண்டலங்கள் எல்லாம் நம்மைவிட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் அவற்றின் நிறம் சிவப்புப் பக்கம் சாயும். இது ஒரு மயிரிழை சாயவில்லை. அப்படியே நிற்கிறது. பாரத தேசத்தைவிட்டு ஓட மனமில்லாத முதல் மண்டலத்தை நான் கண்டுபிடித்திருக்கிறேன்."

பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். கில்பர்ட் முன்னால் போய் மூட்டையை இறக்கி வைத்தான்.

"அய்யா, அது என் விளக்குங்க."

சபை திரும்பியது.

"ராத்திரி நாந்தான் கொளுத்துனேன். வள்ளமெல்லாம் வெளிய கிடந்துச்சு. பொம்பளைக உப்புப் போட்டாக. அதான் மஞ்சளா எரிஞ்சது. தப்புத்தான். என்னையக் கொண்டு போங்க."

டைரக்டர் நிதானமாகத் தெய்வசிகாமணியைத் திரும்பிப் பார்த்தார். "எந்த விளக்கு?"

தெய்வசிகாமணிக்கு வியர்த்தது. "கோயில் விளக்கு சார். அது மாசியிலேயே அணைச்சாச்சு. மாசாமாசம் உங்களுக்கு எழுதியிருக்கேன். நீங்களும் டெல்லிக்கு எழுதியிருக்கீங்க. டெல்லியில பாராட்டிக்கூட எழுதியிருக்காங்க."

"அப்போ அது அணைந்த விளக்கு."

"ஆமா சார்."

டைரக்டர் கில்பர்ட்டைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். "அணைந்த விளக்கு எப்படியப்பா எரியும்?"

"நாந்தான் கொளுத்துனேனுங்களே."

"நீ கொளுத்தியிருக்க முடியாது. கொளுத்தக் கூடாதென்று தடை இருக்கிறது."

"ஊரே பாத்துச்சுங்க. வள்ளமெல்லாம் அதப் பாத்துத்தானே வந்துச்சு."

"அவர்கள் பார்த்தது மண்டலம்" என்றார் டாக்டர் நீலமேகம். "மீனவர்களுக்கே வழிகாட்டும் அளவு பிரகாசம். தெய்வசிகாமணி, இதைக் குறித்துக்கொள்ளும். சுயேச்சையான சாட்சியம்."

கில்பர்ட் மூட்டையைப் பார்த்தான். அவ்வளவு தைரியத்தையும் திரட்டிக்கொண்டு வந்தவனுக்கு, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"அப்ப எனக்கு ஜெயில் இல்லீங்களா?"

"எரியாத விளக்கை எரித்ததற்குச் சட்டத்தில் இடமில்லை."

கில்பர்ட் புறப்பட்டான். வாசல்வரை போனவனுக்கு ஏதோ தோன்றித் திரும்பினான். "அப்ப அய்யா, இன்னைக்கும் கொளுத்துனா?"

தெய்வசிகாமணி கூரையைப் பார்த்தார். டைரக்டர் ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லாத விளக்கைப் பற்றி இந்த முகாமுக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது" என்றார்.

அன்று முதல் சவேரியார் கரையில் விளக்கு தினமும் எரிந்தது. ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் கூடாது என்ற உத்தரவும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. கண்டுபிடிப்பைத் தொடர்ந்து கவனிப்பதற்காக ராத்திரிப் படி நிரந்தரமானது. டாக்டர் நீலமேகத்துக்கு வெளிநாட்டு மகாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. விமானத்துக்கு அனுமதி கிடைக்காமல் கப்பலில் கிளம்பினார். போகும்போது, அங்கே போய்ச் சேருவதற்குள் மஞ்சள் கோட்டுக்கு இன்னும் நாலு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று தெய்வசிகாமணிக்குக் கட்டளை இட்டுவிட்டுப் போனார்.

தை மாதம். காற்றில்லை, கடல் சாது. பெண்கள் யாரும் உப்போடு வரவில்லை. கில்பர்ட் விளக்கைக் கொளுத்திவிட்டு இறங்கும்போது, ஏணியடியில் தங்கசாமி நின்றான். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"என்னப்பா?"

"அய்யா கொடுத்துவிட்டாருண்ணே. அண்டத்துல நாலு நாளா உப்புக் கொறைச்சலா இருக்காம். கோடே விழலையாம். உங்ககிட்டச் சொல்லச் சொல்லல. இங்கன வச்சுட்டு வரச் சொன்னாரு."

கில்பர்ட் பொட்டலத்தைப் பிரித்தான். தூத்துக்குடி உப்பு, நயம் சரக்கு. அவன் சிரிக்கவில்லை. உப்பு விஷயத்தில் அந்த ஊர் விளையாடாது.

"சும்மா போட முடியாது தங்கசாமி. கடல்ல இருக்குறவன் பேரு ஒண்ணச் சொல்லித்தான் போடணும். எங்காளுக எல்லாரும் கரையில இருக்காக. யாரு பேரச் சொல்ல?"

தங்கசாமி தலையைச் சொறிந்தான். அப்புறம் முகம் தெளிந்தது.

"டைரக்டரு பேரச் சொல்லுங்கண்ணே. அவருதான இப்ப நடுக்கடல்ல இருக்காரு."

அதுவும் நியாயம்தான். கில்பர்ட் மறுபடி ஏணியேறினான். உப்பைக் கை நிறைய அள்ளி, கண்ணை மூடி, டாக்டர் நீலமேகம் பத்திரமாய்க் கரை சேர வேண்டும் என்று மாதாவிடம் மனசாரச் சொல்லிப் போட்டான். திரி படபடவென்று பொரிந்தது. கூடாரத்துக்குள்ளிருந்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று தெய்வசிகாமணியின் குரல் கேட்டது.